இருதய எதிரொலிப் பரிசோதனையும் அதன் பொருளுரைத்தலும்

நெடுந்தீவிலேனும் நயினாதீவிலேனும் வாழும் ஒருவர் மூச்சிளைப்பும் கால்வீக்கமும் கண்டு உள்ளூர் வைத்தியரை நாடுகின்றார். அவரால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, ஆங்கே இருதய எதிரொலிப் பரிசோதனை செய்யப்பெற்று, பண்ணைப் பாலமும் வேலணையும் புங்குடுதீவும் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து படகேறுகின்றார். அப்பொழுது அவர் பையில் இருப்பது ஒரு தாள். அஃது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. சுருக்கெழுத்துக்களும் பத்துப் பதினைந்து அளவுகளும் நிறைந்தது. அடியில் ஓரிரு வரிகளில் முடிபு கூறுவது. ஊர் சேர்ந்ததும் அத்தாளை மூவர் படிக்கின்றனர். நோயாளி அதில் உள்ள எண்ணை மாத்திரம் படிக்கின்றார். தீவு வைத்தியசாலையின் வைத்தியர் முடிபை மாத்திரம் படிக்கின்றார். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகள், கைத்தொலைபேசியில் வந்த அதன் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு சொல்லாக அகராதியிலும் இணையத்திலும் தேடிப் படித்து, அன்றிரவு உறங்காதிருக்கின்றாள். மூவரும் கொள்ளும் பொருள் மூன்று. தாளை எழுதியவர் கருதிய பொருள் நான்காவது.

எமது கல்லூரியின் பழைய மாணவர்களுள் வைத்தியராயினோர் பலர். வைத்தியராகாது நோயாளியாயினோர் அவரினும் பலர். ஆதலின் இத்தாளை வாசிக்கும் முறையையும், அதனைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் முறையையும் இம்மலரில் ஒருசிறிது ஆராய்வது இரு சாரார்க்கும் பயன்படும் எனக் கருதினோம்.

முதலிலே இடர்ப்படுத்துவது நோயின் பெயர். ஆங்கிலத்திலே இந்நோயைக் குறிக்கும் தொடரில், பரீட்சையிலே தவறியவனைக் குறிக்கும் சொல்லே இடம்பெற்றுள்ளது. அதனைத் தமிழாக்கியோர் “இருதயச் செயலிழப்பு” என்றனர். செயலிழத்தல் என்றால் செயல் அறவே ஒழிதல் என்றே தமிழ் அறிந்தார் பொருள் கொள்வர். இருதயம் செயலிழந்தவர் படகேறி வீடு திரும்புவது எங்ஙனம்? உண்மையில் இந்நோயில் இருதயம் நின்றுவிடுவதில்லை. உடம்புக்கு வேண்டிய அளவு குருதியைத் தக்க அமுக்கத்தோடு செலுத்த மாட்டாது தளர்கின்றது, அல்லது அவ்வாறு செலுத்துதற்பொருட்டுத் தன்னுள் அமுக்கம் மிகப்பெற்று வருந்துகின்றது. அவ்வமுக்கம் பின்னோக்கித் தாக்கி நுரையீரலில் நீர் சேர்க்கும். காலிலும் வயிற்றிலும் வீக்கம் காட்டும். “இருதயத் தளர்ச்சி” என்னும் பெயர் இதற்குப் பொருந்தும் என்பது எமது கருத்து. மாரடைப்பு வேறு, இருதயத் தளர்ச்சி வேறு என்பதையும் உடனே கூறிவிடல் வேண்டும். முன்னது குருதிக்குழாய் அடைபட்டு இருதயத் தசையின் ஒரு பாகம் அழிதல். பின்னது அதன் விளைவாகவும் வரும், உயர் குருதி அமுக்கம், சலரோகம், வால்வுப் பழுது, மதுபானம், தசைநோய் ஆகிய பிற காரணங்களாலும் வரும்.

ஆங்கில வைத்தியத்தைத் தமிழில் உரைக்கும் முயற்சிக்கு யாழ்ப்பாணத்திலே நீண்ட மரபு உண்டு. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே வைத்தியம் புரிந்ததோடு மாணாக்கர்க்கும் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம் முதலிய நூல்கள் அவராலும் அவர்தம் மாணாக்கராலும் தமிழாயின. 1873 இல் நாடு திரும்பிய பின்னரும் 1884 இல் இறக்கும்வரை அவர் இப்பணியை விடவில்லை. அவருடைய சமய நோக்கத்தோடு எமக்கு உடன்பாடு வேண்டுவதில்லை. ஆயினும் நோயாளியின் மொழியில் வைத்தியம் நடைபெறல் வேண்டும் என்று அவர் கொண்ட கொள்கையை மறுப்பார் இலர். அவர் காலத்திலே எதிரொலிக் கருவி இல்லை. அது பிறப்பதற்கு மேலும் எழுபது ஆண்டு செல்லவேண்டியிருந்தது.

அக்கருவியின் பிறப்பு கடல்சார்ந்த மக்களாகிய எமக்குச் சுவை தருவது. 1953 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், சுவீடன் தேசத்து லுண்ட் நகரில், எட்லர் என்னும் வைத்தியரும் ஹேர்ட்ஸ் என்னும் பௌதிகவியலாளரும் இருதயத்தின் எதிரொலியை முதன்முதலாகப் பதிவு செய்தனர். மல்மோ நகரத்துக் கப்பல் கட்டும் தளம் ஒன்றிலே, உலோகத் தகட்டினுள் மறைந்திருக்கும் வெடிப்பைக் கண்டறியும் கருவி ஒன்று இருந்தது. அதனை ஹேர்ட்ஸ் ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கித் தம் மார்பிலேயே வைத்துப் பார்த்ததிலிருந்து இவ்வாராய்ச்சி தொடங்கியது. கப்பற் பழுது பார்க்கும் கருவி இருதயப் பழுது பார்க்க வந்த கதை இது. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் இருந்திருப்பின் எம்மவர் ஒருவர் இதனைச் செய்திருக்கலாம் என்று எண்ணி ஆறுதலடைவோமாக.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. காதுக்குக் கேளாத உயர்ந்த அதிர்வெண்ணுடைய கழியொலி மார்பினூடே செலுத்தப்படுகின்றது. தசையும் குருதியும் சந்திக்கும் இடந்தோறும் அவ்வொலியின் ஒரு பகுதி திரும்புகின்றது. திரும்ப எடுத்த நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகின்றது. கடலடியின் ஆழத்தை அளக்கும் கருவியும் இதையே செய்கின்றது. கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் செல்ல, உடற்றசையில் ஏறத்தாழ 1540 மீற்றர் செல்லும் என்பது ஒன்றே வேறுபாடு. குருதி ஓடும் வேகத்தையும் திசையையும் அறிய, 1842 இல் தொப்பிளர் என்பார் வெளியிட்ட தத்துவம் பயன்படுகின்றது. நெருங்கி வரும் புகைவண்டியின் ஊதல் உயர்ந்தும், கடந்து செல்லும் வண்டியின் ஊதல் தாழ்ந்தும் கேட்பது போலவே, எம்மை நோக்கி வரும் குருதியும் விலகிச் செல்லும் குருதியும் எதிரொலியின் அதிர்வெண்ணை மாற்றுகின்றன. இப்பரிசோதனையில் ஊசியில்லை, நோவில்லை, எக்ஸ் கதிரில்லை. கருப்பிணிகளுக்கும் அச்சமின்றிச் செய்யலாம்.

இனி, எல்லோருடைய கண்ணும் சென்று தங்கும் அந்த எண்ணுக்கு வருவோம். இருதயத்தின் இடது இதயவறை நன்றாக விரிந்த நிலையில் எவ்வளவு குருதி கொண்டிருந்ததோ, அதில் எத்தனை வீதம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்பட்டது என்பதே அவ்வெண். வைத்தியர் இதனை ஈ.எஃப். என்பர், வெளியேற்றுப் பின்னம் எனலாம். அறிக்கையில் “35 வீதம்” என்று கண்டவர் நிலைகுலைகின்றார். ஏன்? எமது நாட்டிலே பாடசாலை சென்றவர்க்கு 35 என்னும் எண் மறக்கற்பாலதன்று. சாதாரண தரப் பரீட்சையிலே அஃது எல்லைக்கோடு. ஒரு புள்ளி குறைந்தால் சித்தியில்லை. நூற்றுக்கு நூறு என்பது முழு ஆரோக்கியம் என்றும், முப்பத்தைந்து என்பது இருதயத்தில் மூன்றிலிரு பங்கு இறந்துவிட்டது என்றும் அவர் தாமே கணக்கிட்டுக் கொள்கின்றார். நாம் அறிந்தவரையில், அறிக்கையினால் விளையும் துன்பங்களுள் பெரும்பாலன இக்கணக்கிலிருந்தே பிறக்கின்றன. ஒருவர் காணிக்கு உறுதி எழுதத் தொடங்குகின்றார், ஒருவர் “இனிக் குளிசை எதற்கு?” என்று நிறுத்திவிடுகின்றார்.

நூறு வீதம் தள்ளும் இருதயம் உலகில் எவர்க்கும் இல்லை. நல்ல இருதயம் தள்ளுவதும் ஏறத்தாழ 55 முதல் 70 வீதம் வரையே. எஞ்சியது அறையிலேயே தங்கும். ஓர் உதாரணம் காட்டுவோம். ஆரோக்கியமான ஒருவருடைய இடது இதயவறை 120 மில்லிலீற்றர் கொள்கின்றது. அதில் 72 மில்லிலீற்றரைத் தள்ளுகின்றது. பின்னம் 60 வீதம். நோயுற்ற மற்றொருவருடைய அறை தளர்ந்து விரிந்து 200 மில்லிலீற்றர் கொள்கின்றது. அதில் 60 மில்லிலீற்றரைத் தள்ளுகின்றது. பின்னம் 30 வீதம். எண் பாதியாயிற்று, ஆனால் வெளியே சென்ற குருதி 72 இலிருந்து 60 ஆகவே குறைந்தது. முப்பது வீதத்தோடு ஒருவர் கதிரையில் அமர்ந்து அமைதியாகப் பத்திரிகை வாசிக்க முடிவதன் இரகசியம் இதுவே. பெரிய பட்டை கட்டிய துலாவை நினைத்துக்கொள்க. பட்டை நிறைய நீர் மொண்டும், இறைப்பவன் களைத்தமையால் சிறு பங்கையே வாய்க்காலில் ஊற்றுகின்றான். வாய்க்கால் வறண்டுவிடவில்லை, ஆயின் இவ்வாறு நெடுநாள் இறைக்க அவனால் இயலாது. அறை விரிந்துகொண்டே செல்வது நன்றன்று, ஆகவேதான் மருந்து.

இவ்வுதாரணத்தின் மறுபுறம் வைத்திய நண்பர்கள் கவனிக்கத் தக்கது. பல்லாண்டு உயர் குருதி அமுக்கமும் சலரோகமும் உடைய முதிய தாயார் ஒருவர். அவருடைய இதயவறைச் சுவர் தடித்து விறைத்துவிட்டது. ஆதலால் அது விரிய மாட்டாது 80 மில்லிலீற்றரே கொள்கின்றது. அதில் 48 ஐத் தள்ளுகின்றது. பின்னம் என்ன? 60 வீதம்! முப்பது வீதக்காரர் 60 மில்லிலீற்றர் தள்ள, அறுபது வீதக்காரராகிய இவர் 48 மில்லிலீற்றரே தள்ளுகின்றார். மேலும் விறைத்த அறையை நிரப்புதற்கு அமுக்கம் மிகுதியாக வேண்டியிருத்தலின் நுரையீரலில் நீர் கட்டுகின்றது; படி ஏறினால் மூச்சு முட்டுகின்றது. இவர் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டும்போது, “எக்கோ நன்றாயிருக்கின்றது, உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பப்படுதல் பெருந்தவறு. இருதயத் தளர்ச்சியுடையோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தகையோர். 2021 இல் உலகத்து இருதய வைத்திய சங்கங்கள் கூடி வகுத்த பாகுபாட்டில், பின்னம் 40 உம் அதற்குக் கீழும் உடையோர் ஒரு வகை, 41 முதல் 49 வரை ஒரு வகை, 50 உம் அதற்கு மேலும் உடையோர் ஒரு வகை என்று கொள்ளப்பட்டனர். மூன்றும் தளர்ச்சியின் வகைகளே. மூன்றாவது “நோயில்லை” என்னும் வகையன்று. அதே 2021 இல், சலரோகத்துக்கென வந்த எம்பாகிளிஃபுளோசின் என்னும் குளிசை இம்மூன்றாம் வகையினரும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதைக் குறைக்கின்றது என்று பெரியதோர் ஆய்வு காட்டிற்று. ஆகவே நோயை இனங்காணாது விடுதல் இன்று முன்னையினும் அதிக நட்டம். ஐயமுள்ளவிடத்து இடது சோணையறை விரிந்துள்ளதா, நுரையீரல் நாடியின் அமுக்கம் உயர்ந்துள்ளதா, கீழ்ப்பெருநாளம் புடைத்துள்ளதா என்று அறிக்கையின் நடுப்பகுதியை வாசித்தல் வேண்டும். முடிபு வரியோடு நிறுத்துவோர் இவற்றை இழப்பர்.

வால்வுப் பழுதையும் இங்கு மறத்தலாகாது. சிறுவயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து இருகூர் வால்வு ஒடுங்கியோரை இலங்கையில் இன்னும் காண்கின்றோம். அவர்க்கும் பின்னம் 60 ஆகவே இருக்கலாம். வாயில் ஒடுங்கியமையே இளைப்பின் காரணம்.

அச்சுறுத்தும் சிறு சொற்களும் உள. முக்கூர் வால்வில் “அற்ப கசிவு” என்று எழுதியிருக்கும். ஆரோக்கியமுடையோரிற் பெரும்பாலோர்க்கும் அக்கசிவு உண்டு. அதனைக் குறிப்பிடுதல் எழுதுவோர் வழக்கம், அவ்வளவே. “விரிதற் குறைபாடு, முதற்படி” என்று எழுதியிருக்கும். அறுபதைக் கடந்தோர் பலர்க்கு அது வயதின் அடையாளம். அதனால் மட்டும் ஒருவரை நோயாளி ஆக்கிவிடுதல் தகாது. டொரொன்டோவிலிருந்து மகள் நள்ளிரவில் அழைப்பது பெரும்பாலும் இவ்விரு சொற்களைப் பற்றியே! மாறாக, “முன்சுவர் அசைவின்மை” என்ற சொல்லை ஒருவரும் கேட்பதில்லை. அது முன்னொருகால் அறியாமலே வந்துபோன மாரடைப்பின் தழும்பாக இருக்கலாம். எக்கோவில் குருதிக்குழாயின் அடைப்பு நேரே தெரியாது என்பதையும் நோயாளிக்குச் சொல்லுதல் வேண்டும். அடைப்பைக் காண அஞ்சியோகிராம் வேண்டும். “எக்கோ பார்த்தாயிற்று, அடைப்பில்லை” என்று துணிவோர் பலரைக் கண்டுள்ளோம்.

எண் மாறுதலைப் பற்றி இரண்டு செய்தி உண்டு. ஒன்று, ஒரே இருதயத்தை ஒரே நாளில் இருவர் அளந்தால் ஐந்து வீதமும் அதற்கு மேலும் வேறுபடுதல் இயல்பு. ஆகவே சென்ற ஆண்டு 40, இவ்வாண்டு 36 என்பது வீழ்ச்சி என்று துக்கிக்கத் தக்கதன்று. 36 இலிருந்து 40 ஆயிற்று என்று பொங்கல் பொங்கவும் வேண்டுவதில்லை. இரண்டு, மருந்தினால் எண் உண்மையாகவே உயர்வதும் உண்டு. 30 ஆக இருந்தது 50 ஆகிவிடும். அப்பொழுது பிறக்கும் ஆபத்து, நோய் மாறிவிட்டதென்று மருந்தை நிறுத்துதல். 2018 இல் லண்டனிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு இதனை நேரே சோதித்தது. இருதயம் விரிந்து பின்னர் மருந்தினாற் குணமடைந்த 51 பேர் அதிற் சேர்ந்தனர். அவருட் பாதிப்பேர்க்கு, கண்காணிப்புடன், மருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டது. ஆறு மாதத்துள் அவருள் 44 வீதத்தினர்க்கு நோய் மீண்டது. மருந்தைத் தொடர்ந்தவருள் ஒருவர்க்கும் மீளவில்லை. ஆகவே உயர்ந்த எண் “மருந்து வேண்டாம்” என்று சொல்வதன்று. “மருந்து வேலை செய்கின்றது” என்று சொல்வது. நல்ல அறிக்கையைக் கொடுக்கும் நாளிலேதான் இதனை அழுத்திச் சொல்லுதல் வேண்டும்; கெட்ட அறிக்கை வந்த நாளில் எவரும் மருந்தை மறப்பதில்லை.

தீவு வைத்தியசாலையில் கடமையாற்றும் எமது இளைய சகோதரர்க்கு அறிக்கை எழுதும் பெரியோர் ஓர் உதவி செய்யலாம். நெடுந்தீவில் நள்ளிரவில் ஒருவர் மூச்சிளைத்து வந்தால், அங்குள்ள வைத்தியர்க்கு எக்கோ கருவியில்லை. கடல் கொந்தளித்தால் அனுப்பவும் வழியில்லை. அவர் கையில் உள்ளது அந்தத் தாளும் கிளினிக் கொப்பியுமே. தளர்ச்சியின் காரணம் யாது என்று கருதப்படுகின்றது, முன்னைய எக்கோவோடு ஒப்பிட்டால் நிலை யாது, வீக்கம் வற்றிய நிலையில் நோயாளியின் நிறை எத்தனை கிலோகிராம், நிறை கூடினால் சலம் போகும் குளிசையை எவ்வளவு கூட்டலாம் என்னும் நான்கையும் கொப்பியிலே எழுதிவிடின் அவர்க்கு அத்தாள் விளங்கும். இருபது அளவுகளை அச்சிட்டு இந்நான்கையும் விடுதல், வரைபடம் கொடுத்துத் துறைமுகத்தின் பெயரை மறைத்தல் போன்றது. மூட்டு நோவுக்கென மருந்துக்கடையில் வாங்கும் டைக்குளோபெனக், ஐபுபுரோபன் ஆகியவை நீரைக் கட்டச் செய்து இந்நோயை மீளவைக்கும் என்பதை ஒரு வரியில் சேர்த்தால் மேலும் நன்று.

நோயாளியோடு பேசும்பொழுது எண்ணிலிருந்து தொடங்காது அவர் உடம்பிலிருந்து தொடங்குதல் நலம் என்பது எமது அனுபவம். “ஐயா, உங்கட இருதயம் நிண்டு போகேல்லை, களைச்சுப் போய்க் கிடக்குது. அதாலதான் நீர் கட்டிக் கால் வீங்கினது. இந்தக் குளிசையள் அதின்ர பாரத்தைக் குறைக்கும்” என்று அவர் பேசும் தமிழிற் சொல்லி, பின்னரே தாளைக் காட்டி, “நல்ல இருதயமும் அறுபதுதான் தள்ளும், உங்கடது முப்பத்தைஞ்சு தள்ளுது” என்றால், அவர் முகத்திலே அச்சம் தணிவதைக் காணலாம். பொய்யான ஆறுதல் கூறுதலும் ஆகாது. இது நீங்காத நோய், கவனியாது விட்டால் உயிருக்கு ஆபத்து என்பதையும் அவர் அறிதல் வேண்டும். அச்சம் சிறிது தணிந்த பின்னரே அச்சொல் காதில் ஏறும்.

பிறகு அவர் செய்யவேண்டியவை. காலையில் சலம் கழித்தபின், உண்ணுமுன், நாள்தோறும் நிறுத்துக் கொப்பியில் எழுதுதல். மூன்று நாளில் இரண்டு கிலோகிராமுக்கு மேல் ஏறினால், சாரக்கட்டு இறுகினால், ஒரு தலையணையோடு படுத்தவர்க்கு இரண்டு தலையணை வேண்டியிருந்தால், அன்று பகலிலேயே வைத்தியரைக் காணுதல். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் சோற்றோடு உறவு கொண்ட எம் தீவுகளில் “உப்பைக் குறையுங்கள்” என்பது எளிதிற் சொல்லி அரிதிற் செய்யப்படும் அறிவுரை. ஆதலால் எதை விடுவது என்று பெயர் சொல்லி, சமைப்பவரையும் அருகே இருத்திச் சொல்லுதல் வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், “விளங்கிற்றா?” என்று கேட்டுப் பயனில்லை. “ஓம் டொக்டர்” என்பதே எவரும் கூறும் விடை. “வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்கு என்ன சொல்லுவியள், ஒருக்கால் எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்டுப் பார்க்க. அவர் தம் சொல்லில் திருப்பிச் சொல்லும்போது எது சேர்ந்தது, எது வழியில் உதிர்ந்தது என்பது தெரிந்துவிடும். உதிர்ந்ததை மாத்திரம் மீண்டும் சொல்லலாம். இதற்குச் செல்வது மூன்று நிமிடம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அவ்வழி முழுதும் அவர் மடியில் இருக்கப்போகும் தாளின் பின்புறத்திலே, அவருடைய நிறையையும், எந்த நிறையில் திரும்பி வரவேண்டும் என்பதையும், பெரிய எழுத்தில், தமிழில் எழுதிக் கொடுத்தனுப்புக.